அத்தாவிடம் மட்டும்

மாணவியர் விடுதி,
செங்கல்பட்டு.
ஜூலை 6

அன்புள்ள மலீஹா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். கோயம்புத்தூர்க் குளிர் உங்கள் தலைவலியைக் கிளப்பாமல் இருக்கிறதா? போன ஞாயிறு வீட்டுக்குப் போய் வந்தேன். அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. அத்தா வழக்கம்போல் சாயங்காலமானால் அப்பாஸ் மாமாவின் படகில் ஏறி, அக்கரை இறால் குட்டைகளுக்குப் போய் சரக்கு எடுத்து வருகிறார்.

இங்கே போனுக்கு அனுமதி இல்லை. கடிதம் எழுதலாம். வருகிற கடிதங்களை வார்டன் சாரதாம்பாள் அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். எனவே என்னைத் திட்டி எழுதாதீர்கள்.

நம் சவுக்குத்துறையில் உங்கள் ஆபீஸ் வைத்த அபாயச் சங்கைப் பற்றி என் தோழி காயத்ரியிடம் சொன்னேன். கழிமுகத்தில் ஒரு கம்பம், அதில் சிவப்புப் பட்டை, தண்ணீர் பட்டையைத் தொட்டால் சங்கு ஊதும், ஊதினால் எந்தப் படகும் கிளம்பக் கூடாது என்று விளக்கினேன். அவள் செய்யூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரி. "தண்ணி ஏறுறது கண்ணுக்குத் தெரியாதாடி?" என்று கேட்டாள். தண்ணீர் பட்டைக்கு வந்துவிட்டால் முகத்துவாரம் படகைக் கடலுக்கு இழுத்துக்கொள்ளும், இழுக்க ஆரம்பிக்கும் வரை தண்ணீர் சும்மா கிடக்கிற மாதிரிதான் இருக்கும் என்றேன். சரிதானே? அத்தா துறையில் எல்லோரிடமும், "என் மொவ செஞ்ச சங்குபா. அது ஊதலன்னா கண்ண மூடிகினு போலாம்" என்கிறார். முன்பு கிளம்பும்முன் எல்லோரும் வானத்தையும் நுரையையும் பார்ப்பார்கள். இப்போது யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு ஓர் உதவி வேண்டும். ஜாய்ஸ் மிஸ் எங்கள் நாலு பேரைப் பள்ளி நூலகத்துக்கு ஒரு செயலி செய்யச் சொல்லியிருக்கிறார். எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் சேர்கின்றன. நான் அனுப்பினால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. காயத்ரி அனுப்பினால் ‘மோதல்’ என்கிறது. நானும் அவளும் மோதவே இல்லையே!

பதிலை எதிர்பார்த்து, துஆவுடன்,
அர்வா

*

கோயம்புத்தூர்,
ஜூலை 19

என் அர்வாக் குட்டிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். தலைவலியும் சுகமாக என்னோடுதான் இருக்கிறது. வார்டன் அம்மாவுக்கும் என் சலாம், எப்படியும் படிக்கப்போகிறார்.

‘அனுமதி இல்லை’ என்றால் பயப்படாதே. எல்லோருடைய வேலையும் சேர்கிற இடத்துக்கு ஒரு வாசல் உண்டு. யாரெல்லாம் நுழையலாம் என்று ஜாய்ஸ் மிஸ்தான் சொல்ல வேண்டும். உன் பெயரைச் சேர்க்க மறந்திருப்பார். கேள்.

மோதல் என்பது இதுதான். நீ ஒரு வரியை ஒரு விதமாக மாற்றுகிறாய், அதே வரியைக் காயத்ரி வேறு விதமாக மாற்றுகிறாள். இரண்டும் சேரும்போது அது திகைத்து நின்றுவிடும். அம்புக்குறி போட்டு இரண்டு வரிகளையும் மேலும் கீழும் காட்டும். வேண்டாததை அழித்துவிட்டு அனுப்பு.

இங்கே எங்கள் கூத்தைக் கேள். எங்கள் மேலாளர் சம்பத் சாருக்குத் தனி லாகின். மற்ற நாலு பேருக்கும் சேர்த்து ஒரே லாகின், அது என் பெயரில். முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் நான்தான் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். யார் எதைத் திருத்தினாலும் ‘மலீஹா திருத்தினாள்’ என்றுதான் பதிவாகும். சம்பத் சார் நம் பக்கத்து ஆள், திருப்போரூர். "இன்னாமா மலீஹா, ஒரே நேரத்துல நாலு சீட்ல ஒக்காந்துகினு கீற?" என்று தினமும் கேட்டுச் சிரிப்பார். நானும் சிரித்துவிடுவேன்.

அத்தாவின் பெருமையைக் கொஞ்சம் அடக்கிவை. சங்கு நான் மட்டும் செய்ததல்ல.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

*

செங்கல்பட்டு,
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. ஜாய்ஸ் மிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு என் பெயரைச் சேர்த்தார். மோதலையும் தீர்த்துவிட்டோம். ஆனால் காயத்ரி அவசரத்தில் என் வரியை அழித்து அவள் வரியை வைத்துக்கொண்டாள். வரலாற்றுப் புத்தகங்கள் முழுதும் சமையல் அலமாரிக்குப் போய்விட்டன. ஒரு நாள் பேசாமல் இருந்தேன், பிறகு சேர்ந்துகொண்டோம்.

போன வாரம் ஊரில் இருந்தபோது சங்கு அடிக்கடி ஊதியது. ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்காரர்கள் சுற்றுலாப் படகுகளை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் சண்டை போட்டார்கள். அப்பாஸ் மாமா என்னைக் கிண்டல் செய்தார்.

"இன்னா அர்வா, உங்க அக்கா சங்கு ஞாயித்துக்கெயம ஆனா கத்துது. அதுக்கும் லீவு வேணுமாமா?"

"தண்ணி ஏறினாத்தான் மாமா கத்தும்."

"எங்க ஏறிச்சி? கணுக்கால்கூட நனையல."

நான் போகாமல் அங்கேயே நின்றேன் அக்கா. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி ஓட ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நேராகக் கடலுக்குப் போவதைப் பார்த்தேன். சங்கு சொன்னது சரி. மாமாவும் பார்த்தார், படகை இன்னும் மேலே இழுத்துக் கட்டினார். இதை உங்கள் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அர்வா

*

கோயம்புத்தூர்,
ஆகஸ்ட் 24

அன்பு அர்வா,

வ அலைக்குமுஸ்ஸலாம். சுகம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

சங்கு எந்த அளவில் ஊத வேண்டும் என்பது ஒரு ஃபைலில் ஒரே ஓர் எண். சிவப்புப் பட்டை இருக்கும் உயரம், நூற்றிருபது சென்டிமீட்டர். இப்போது அது நூற்றெண்பது ஆகியிருக்கிறது. நான் சரி செய்தேன், மறுபடி அதுவாகவே மாறிவிடுகிறது. இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டால் இப்படி ஆகும். யார் தொட்டார்கள் என்று பார்த்தால் எல்லா இடத்திலும் என் பெயர்தான். எல்லோருக்கும் ஒரே பெயர் ஆயிற்றே.

கவலைப்படாதே, பார்த்துக்கொள்கிறேன். அத்தாவிடம் சொல்ல வேண்டாம், வீணாகப் பயப்படுவார்.

நன்றாகச் சாப்பிடு.
அக்கா

*

செங்கல்பட்டு,
செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு லேசான சளி, வேறொன்றுமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. காயத்ரியையும் இழுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். ஒரே வரியில் நான் நூற்றிருபது என்று எழுதினேன், அவள் நூற்றெண்பது என்று எழுதினாள். இரண்டையும் சேர்த்தோம். நீங்கள் சொன்னபடியே அது நின்றுவிட்டது. காத்திருந்தோம். மதிய இடைவேளை முழுதும் காத்திருந்தோம். அது மாறவே இல்லை, அக்கா. ஜாய்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். "அதுவா எதையும் எடுத்துக்காதும்மா. ஒரு ஆள் ஒக்காந்து இது வேணும், அது வேணாம்னு சொல்லணும்" என்றார்.

ஆகவே யாரோ ஒருவர் உட்கார்ந்து, நூற்றிருபதைப் படித்து, அதை அழித்துவிட்டு, நூற்றெண்பதை வைத்திருக்கிறார். உங்கள் பெயரில் யாரோ! இது மிகப் பெரிய தவறு இல்லையா? எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று மிஸ் சொல்கிறார். கண்டுபிடித்து எனக்கு உடனே எழுதுங்கள்.

ஆவலுடன்,
அர்வா

*

செங்கல்பட்டு,
செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கடிதம் கிடைத்ததா? நலமாக இருக்கிறீர்களா? நீங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் ‘சாப்பிட்டீங்களா’ என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று அம்மா சொன்னார்.

நேற்று துறைக்குப் போனேன். தண்ணீர் சிவப்புப் பட்டையைத் தொட்டிருந்தது. நான் சங்குக்காகக் காத்திருந்தேன். ஊதவில்லை. பட்டை பாதி மூழ்கியது, அப்போதும் ஊதவில்லை. ரிசார்ட் படகுகள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தன. நேற்று இழுப்பு இல்லை, எல்லோரும் திரும்பி வந்தார்கள். அப்பாஸ் மாமா சந்தோஷமாக இருந்தார். "இப்பதாம்மா உங்க அக்கா சங்குக்கு புத்தி வந்துகீது. மனுசன பொழைக்க வுடுது" என்றார். அத்தாவும் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் படகில் ஏறினார்.

நான் பட்டையைக் காட்டினேன். அத்தா, "சங்கு ஊதலையே" என்றார்.

உங்கள் தங்கை,
அர்வா

*

கோயம்புத்தூர்,
அக்டோபர் 5

அன்பு அர்வா,

வ அலைக்குமுஸ்ஸலாம். சுகமாக இருக்கிறேன்.

அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா? அத்தா இப்போதும் சாயங்காலம்தான் போகிறாரா? காலையில் போய் வரலாமே. திரும்பி வர எவ்வளவு இருட்டாகிறது? அப்பாஸ் மாமா லைஃப் ஜாக்கெட் வைத்திருக்கிறாரா, இல்லை ரிசார்ட் படகுகளில் மட்டும்தானா? இதையெல்லாம் பார்த்து எழுது.

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன். எனக்கு இப்போது அந்த ஃபைலைத் தொட அனுமதி இல்லை.

தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குத்தானே போவாய்? பாடத்தைக் கவனி.

அக்கா

*

கோயம்புத்தூர்,
அக்டோபர் 14

அர்வா,

அஸ்ஸலாமு அலைக்கும். விடுதிக்கு எழுதினால் வார்டன் அம்மா படிப்பார். அதனால் இதை வீட்டு முகவரிக்கு உன் பெயரில் அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ ஆய்வகத்தில் கண்டுபிடித்தது சரி. அது அதுவாக மாறாது. உட்கார்ந்து அழுத்தியது நான்தான்.

ரிசார்ட்காரர்கள்தான் இந்த சங்குக்கு ஆர்டர் கொடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் படகு நிற்கிறது, எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போங்கள் என்று கத்தினார்கள். நாங்கள் பயன்படுத்தும் ஒரு கணினியில் சம்பத் சார் அந்த எண்ணை நூற்றெண்பது ஆக்கினார். என் கணினியில் நூற்றிருபது இருந்தது. சேரும்போது, எது வேண்டும் என்று என் திரையில் கேட்டது. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தீவாளி சீசன் முடிஞ்சதும் பழையபடி மாத்திக்கலாம்மா. யார் பேர்ல இருந்தா இன்னா, இங்க எல்லாம் உன் பேர்தான?" என்றார். அவர் கையை நீட்டவில்லை. நான் அழுத்தும் வரை நின்றார். அவ்வளவுதான்.

மறுநாளே மாற்றப் போனேன். ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அந்த ஃபைலை அவருடைய லாகினில் மட்டும் திறக்கிற மாதிரி பூட்டிவிட்டார். கேட்டால் சிரிக்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் பதிவில் இருக்கப்போவது என் பெயர். நான் இல்லை, நாலு பேரில் யாரோ என்று சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். உன்னிடம் அதைத்தானே முதலில் சொன்னேன்.

நீ ஒரு காரியம் செய். சங்கை நம்பிப் போக வேண்டாம், பட்டை நனைந்திருந்தால் படகில் ஏற வேண்டாம் என்று அத்தாவிடம் சொல். நானே போனில் சொன்னால் ஏன் என்று கேட்பார், எனக்குப் பதில் வராது. <u>அத்தாவிடம் மட்டும்.</u> துறையில் ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும், அப்புறம் போலீஸ் என் பெயரைத்தான் தேடி வரும். கொஞ்ச நாள்தான். நான் சரி செய்துவிடுவேன்.

அக்கா

*

சவுக்குத்துறை,
அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அத்தாவிடம் சொன்னேன். அவர் வலைப்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் என்னை விளையாடாதே என்றார். பிறகு, "அக்கா சொன்னாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவதான் செஞ்சாளா?" என்றார். அவர் அந்தப் பெட்டியையே ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாஸ் மாமா கூப்பிட வந்தபோது, முழங்கால் வலிக்கிறது என்றார். மூட்டம் போடுகிற நாளெல்லாம் இப்போது முழங்கால் வலிக்கிறது. அப்பாஸ் மாமா, "இன்னா பாய், மானம் இருட்டுனா உங்க முட்டியும் இருட்டிக்குதா?" என்று கேட்டார். அத்தா சிரித்தார். மாமா தனியாகப் போய் நம் சரக்கையும் சேர்த்து எடுத்து வந்தார். கூலி வாங்கவில்லை. அவர் வீட்டிலிருந்து சைதூன் மாமி வலிக்குப் போடச் சொல்லி நொச்சி இலை பறித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அக்கா, நீங்கள் அடிக்கோடு போட்டிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். அப்பாஸ் மாமாவிடம் மட்டும் சொல்லலாமா? அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

காத்திருக்கும்,
அர்வா

*

கோயம்புத்தூர்,
நவம்பர் 4

அன்பு அர்வா,

சலாம். சுகம். அத்தா போகாமல் இருக்கிறார் என்று கேட்டு நிம்மதி.

தீபாவளி முடிந்துவிட்டது. சம்பத் சாரைக் கேட்டேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். இந்த வாரம் எப்படியும் மாற்றவைத்துவிடுவேன், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு நானே வந்து சொல்கிறேன். அதுவரை பொறு.

நீ கேட்டது வேண்டாம்.

அக்கா

*

சவுக்குத்துறை,
நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழைக்காகப் பள்ளியை மூடியதால் வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு மறுபடி இருமல். அத்தாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் வீட்டுக்குப் போன் செய்து, அத்தா எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்களாம். எனவே மீதியை எழுதுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. பட்டை முழுதும் தண்ணீருக்குள் இருந்தது. அப்பாஸ் மாமா வாசலில் வந்து நின்றார். "பாய், வரீங்களா? ரெண்டு நாளா குட்டையில சரக்கு கெடக்குது, வுட்டா அழுகிப் பூடும்" என்றார். அத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மாமா செருப்பைத் தட்டிவிட்டுத் திரும்பியபோது அத்தா கூப்பிட்டார்.

"அப்பாசு."

"இன்னா பாய்?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா, அக்கா? எனக்குத் தெரிந்திருந்தது. ‘வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ" என்றார் அத்தா.

"சங்கு ஊதல பாய், இன்னாத்த பாக்குறது!" என்று மாமா சிரித்துக்கொண்டே போனார்.

சங்கு ஊதியது. படகு கண்ணுக்கு மறைந்து, மழை திரும்பப் பிடித்து, வெகுநேரம் கழித்து, தண்ணீர் நூற்றெண்பதை எட்டியபின் ஊதியது. துறையில் இருந்த படகுகள் எல்லாம் கட்டித்தான் கிடந்தன, நிறுத்த ஒன்றுமில்லை. அது ஊதிக்கொண்டே இருந்தது. படகு மறுநாள் தெற்கே சவுக்குத் தோப்புப் பக்கம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. மாமா இன்னும் கிடைக்கவில்லை. சங்கு நன்றாகத்தான் வேலை செய்தது, அப்பாஸ்தான் கேட்காமல் போய்விட்டான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். ரிசார்ட்காரர்களும் போலீஸிடம் அதையே சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் இறங்கி மறுபடி ஏறியது. பட்டையைத் தொட்டதும் சங்கு ஊதியது. சரியாகத் தொட்டதும். யாரோ மாற்றிவிட்டார்கள். அதுவும் உங்கள் பெயரில்தான் இருக்குமா?

சைதூன் மாமி இன்று காலையில் வந்தார். அழவில்லை. உள்ளே கூப்பிட்டோம், வரவில்லை. அத்தாவின் முழங்காலில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, பதினஞ்சு வருசமா நீங்களும் அவரும் ஒண்ணா போயி ஒண்ணா வந்தீங்க. காய்ச்சல்லகூட நின்னதில்ல. இந்த ஒரு மாசமா மட்டும் இன்னாத்துக்கு நின்னீங்க?"

அத்தா குனிந்து அந்தத் துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லு" என்றார்.

இதை எழுதும்போதும் அவர் வாசலில்தான் நிற்கிறார், அக்கா. எழுதி முடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை நான் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கப்போவதில்லை.

வஸ்ஸலாம்.
அர்வா